வேறை ஒருத்தரையும் தொட விடாதை

1

அன்று முற்றத்தில் வானைச் சுற்றி நின்றவர்கள்:

தம்பி குகன். வான் அவனுடையது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான இணுவிலில் இருந்து வாடகை ஹயர் ஓடுகிறான்.

அவன் மனைவி வசந்தி. கையில் மா பிசைந்த ஈரம் காயவில்லை.

அக்கா. அம்மாவின் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்குத் தெல்லிப்பழையிலிருந்து வந்து நின்றவர்.

அத்தான், அக்காவின் கணவர். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்.

பக்கத்து வீட்டுத் தங்கராசா. எங்கள் வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவார்.

என் மகள் ஆரணி. ஜேர்மனியில் பிறந்தவள். வயது இருபத்திரண்டு.

நான்.

திவசம் முடிந்த மறுநாள் காலை. யப்பானில் இருந்து வந்த பழைய பெற்றோல் வான். அதன் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே இருக்கும். சீற்றைத் தூக்கி நிமிர்த்தி வைத்திருந்தோம். கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஸ்ரியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சினில் ஏதோ பிழை என்று சொல்கிற விளக்கு.

நான் ஜேர்மனியிலிருந்து ஒரு சின்னக் கருவி கொண்டுபோயிருந்தேன். கைக்குள் அடங்கும். அதன் வயரை ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகினால் என்ன பிழை என்று எழுத்தில் காட்டும். செருகினேன். ஒரு இலக்கமும் ஒரு இங்கிலீசு வரியும் வந்தன. மகள் எட்டிப் பார்த்து வாசித்தாள். ஒட்சிசன் சென்சர் என்றாள்.

"ஓம், அதுதான்" என்றேன். முதலே தெரிந்த ஆள் மாதிரி.

பிறகு பிழையை அழிக்கிற பொத்தானை அமத்தினேன். விளக்கு அணைந்தது.

வசந்தி கையை மடக்கி நெஞ்சில் வைத்தாள். அக்கா, அம்மா இருந்திருந்தால் பார்த்திருப்பா என்றார். தங்கராசா, ஜேர்மன்காரன் கை பட்டால் எஞ்சினுக்கும் பயம் வரும்தானே என்று பகிடி விட்டார். அத்தான் கதிரையில் இருந்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.

குகன் சொன்னான்: "அண்ணை கை வைச்சாச் சரி."

எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. எனக்கு மட்டும் தட்டில் வைத்துத் தந்தார்கள்.

2

இதை இப்போது எழுதக் காரணம், இன்று காலை டிப்போவுக்குள் ஒரு பஸ் மஞ்சள் விளக்கோடு வந்ததுதான்.

எனக்கு ஜேர்மனியில் ஒரு பஸ் டிப்போவில் வேலை. விடியக் காலை போவேன். நீண்ட மஞ்சள் சப்பாத்து, ரப்பர் கையுறை, தண்ணீர்க் குழாய். பஸ் ஒவ்வொன்றாக உள்ளே வரும். நுரை அடித்து, தூரிகை போட்டு, கழுவி வெளியே விடுவேன். பிறகு உள்ளே ஏறிக் கூட்டுவேன். சீற்றில் சூயிங்கம் ஒட்டியிருந்தால் சுரண்டுவேன். வந்த நாளிலிருந்து இந்த வேலைதான். என் ஜேர்மன் மொழியும் இந்த வேலையோடு நின்றுவிட்டது. முன்னுக்கு எடு, நிற்பாட்டு, தண்ணீர், போ. இவ்வளவும் நன்றாகச் சொல்வேன். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால், ஆசிரியை சொல்வதை மகள்தான் எனக்குத் தமிழில் சொல்லுவாள். தன்னைப் பற்றிய முறைப்பாட்டையும் அவளே சொல்லுவாள். குறைத்துச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

கழுவும் மண்டபத்துக்குப் பக்கத்தில் மெக்கானிக்மாரின் இடம். நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அவர்களில் ஒருவன் கருவியைச் செருகுவான், பொத்தானை அமத்துவான், விளக்கு அணையும், பஸ் போகும். வருடக் கணக்காக நான் கண்டது அதுதான். அதற்கு முன் அவன் பஸ்சுக்குக் கீழே படுத்து எதைக் கழற்றினான், எதைப் பூட்டினான் என்பதை நான் காணவில்லை. அந்த நேரத்தில் என் பக்கம் நுரையாக இருக்கும்.

ஊருக்கு நான் சொல்லியிருந்தது, கார் கொம்பனியில் வேலை என்று. ஒரு நாள் அப்படிச் சொன்னேன். பிறகு திருத்தவில்லை. அவர்களும் மேலே கேட்கவில்லை.

போன வருடம் மாரியில் குகன் தொலைபேசி எடுத்தான். வானில் மஞ்சள் விளக்கு ஒன்று வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டான். அவன் எடுத்தால் வழக்கமாக ஏதாவது செலவு இருக்கும். கூரை, கிணறு, ஆஸ்பத்திரி. அன்று அவன் செலவுக்கு எடுக்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்கிறான் என்று நினைத்தேன். எனக்கு அது பிடித்துவிட்டது.

"வேறை ஒருத்தரையும் தொட விடாதை" என்றேன். "அறியாதவங்கள் கை வைச்சால் பழுதாக்கிப் போடுவாங்கள். நான் வந்து பாக்கிறன்."

"சரி அண்ணை" என்றான்.

சித்திரையில் போவதாக இருந்தேன். லீவு தரவில்லை. பிறகு ஆடி என்றேன். மகளுக்குப் பரீட்சை வந்தது. கடைசியில் அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்குத்தான் போனேன்.

3

போவதற்கு முன் விசாப் பத்திரம் நிரப்ப வேண்டும். பிறந்த ஊருக்குப் போக எனக்கு விசா வேண்டும். இதை எத்தனை தரம் செய்தாலும் பழகவில்லை. மகள் கணினியில் நிரப்பினாள். அப்பா, வேலை என்ன போட என்று கேட்டாள். போக்குவரத்து என்று போடு என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அடித்தாள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் அப்பாவின் வேலையைப் படமாகக் கீறச் சொன்னார்கள். பஸ் கீறி, அதன் மேலே முழுவதும் நுரை கீறி, பக்கத்தில் மஞ்சள் சப்பாத்தோடு என்னைக் கீறினாள். ஆசிரியை சுவரில் ஒட்டினார். மகள் அன்று தொலைபேசியில் சித்தப்பாவுக்கும் அதைச் சொல்ல வெளிக்கிட்டாள். நான் தொலைபேசியை வாங்கிவிட்டேன். பிறகு அவளை இருத்தி ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவுக்குக் கார் கொம்பனியில் வேலை. பிழை வராமல் சொல்லும்வரை சொல்ல வைத்தேன்.

அவளுடைய தமிழ் வரவர உடைந்துபோயிற்று. இப்போது வீட்டில் ஒன்றிரண்டு சொல் தமிழும் மிச்சம் ஜேர்மனும். ஆனால் அந்த வசனம் மட்டும் உடையவில்லை. இணுவிலில் போய் இறங்கியதும் தங்கராசா சும்மா கதை கொடுத்தார். அப்பா அங்கை என்ன செய்யிறார் பிள்ளை என்றார். அவள் நிமிர்ந்து நின்று அந்த வசனத்தைச் சொன்னாள். எல்லோரும் நல்லது நல்லது என்றார்கள்.

4

விளக்கு எரிந்த அந்த மாதங்களில் வான் பெற்றோலைக் கண்டபடி குடித்திருக்கிறது. தூர ஹயருக்குப் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று குகன் கொழும்பு ஹயர்களை விட்டுவிட்டான். கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் ஓடினான். இதை அவன் சொல்லவில்லை. வசந்தி அக்காவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

இப்போது அவனுக்கு ஒரு நல்ல வேலை அமைந்திருந்தது. காங்கேசன்துறைக்குக் கப்பலில் வருகிறவர்களை ஏற்றி வந்து யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியில் இறக்க வேண்டும். மாதா மாதம் நிரந்தரமான ஓட்டம். விடுதிக்காரர் கேட்டது ஒன்றுதான். வானுக்கு அந்த வருடத்து லைசன்ஸ் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். இருந்த லைசன்ஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதியது எடுக்கப் புகைச் சோதனையில் பாஸ் பண்ண வேண்டும். வெள்ளிக்கு முன் பாஸ் பண்ணாவிட்டால் விடுதிக்காரர் வேறு வானைப் பிடித்துவிடுவார்.

புதன்கிழமை காலை புகைச் சோதனைக்குப் போனோம். குகன் ஓட்டினான். நான் பக்கத்தில். மகள் பின்னால். குகன் நல்ல சந்தோசத்தில் இருந்தான். இணுவில் கந்தசுவாமி கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். கப்பல் ஓட்டம் வந்தால் வசந்திக்கு ஒரு தையல் மெசின் வாங்கவேண்டும் என்று கதைத்துக்கொண்டு வந்தான்.

கொக்குவில் சந்தியில் விளக்கு திரும்பவும் எரிந்தது.

குகன் விளக்கைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. நான் தூசாயிருக்கும் என்றேன். ஓம் அண்ணை, றோட்டெல்லாம் தூசுதானே என்றான். முதல் நாள் மழை பெய்திருந்தது. றோட்டு ஈரமாகக் கிடந்தது.

சோதனை நிலையத்தில் புகைக் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டார்கள். எஞ்சினை முறுக்கச் சொன்னார்கள். கணினியில் எண்கள் ஓடின. அங்கே வேலை செய்த பெண் ஒரு தாளைத் தந்தாள். பெயில்.

புகையில் எரியாத பெற்றோல் மணக்கிறது, எஞ்சின் கூடுதலாகக் குடிக்கிறது, ஆரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டாள்.

குகன், "ஒருத்தரிட்டையும் காட்டேல்லை" என்றான்.

என் பெயரை அவன் இழுக்கவில்லை. நான் அவனுக்கு ஓரடி பின்னால் நின்றேன். கருவி என் சட்டைப் பைக்குள் இருந்தது. மகள் என் முழங்கையைத் தொட்டாள். "அப்பா, சொல்லுங்கோ" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நான் சொன்னது வேறு. ஒரு மெக்கானிக்கிடம் காட்டினால் நல்லது என்றேன்.

"நீங்கள் சொன்னாச் சரி, அண்ணை" என்றான் குகன். என் வாயிலிருந்து அது வரும்வரை நின்றவன் மாதிரி உடனே வானில் ஏறினான்.

5

கராச் கோண்டாவிலில். மெக்கானிக்கின் பெயர் சீலன். குகனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். வாய் ஓயாத ஆள். அவரிடமும் கருவி இருந்தது. என்னுடையதைவிடப் பெரியது. ஆனால் அவர் அழிக்கிற பொத்தானுக்குப் போகவில்லை. எஞ்சினை ஓட விட்டு, எண்கள் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே இடத்தில் நின்றன.

சென்சர் செத்துப்போச்சு என்றார். புகைக் குழாயில் பூட்டியிருக்கிற, பெருவிரல் அளவான சாமான் அது. புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து எஞ்சினுக்குச் சொல்லும். அது செத்தால் எஞ்சின் அளவு தெரியாமல் பெற்றோலை ஊற்றும். லைட்டை அழித்தால் லைட்தான் போகும், சாமான் உயிர்க்காது என்றார். இதை அவர் குகனுக்குச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

புதிய சாமான் யாழ்ப்பாணத்தில் கடையில் இருந்தது. குகன் சீலனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தான். போய் வர அதிக நேரம் எடுக்கவில்லை. அத்தனை மாதமும் அது அங்கே தட்டில் இருந்திருக்கிறது.

பழையதைக் கழற்றுவது கஷ்டமாக இருந்தது. துருப்பிடித்து இறுகிப்போய்விட்டது. சீலன் எண்ணெய் அடித்துக் கொஞ்ச நேரம் விட்டார். ஸ்பனர் போட்டார். அசையவில்லை. எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, திரும்ப எண்ணெய் விட்டார். வெளிச்சம் காணாது என்று என் கையில் ரோச் லைட்டைத் தந்தார். நான் குந்தியிருந்து பிடித்தேன்.

கழன்று வந்தபோது அதன் முனை முழுவதும் கரி. சீலன் அதைக் குகனின் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

"ஏன் காணும் உதை இவ்வளவு காலம் வைச்சிருந்தனீர்? இது குடிச்ச பெற்றோலுக்கு ஒரு மாட்டை வாங்கிக் கட்டியிருக்கலாம். அது பாலெண்டாலும் தந்திருக்கும்."

குகன் சிரித்தான். நேரம் கிடைக்கவில்லை என்றான்.

"நேரமோ? என்ரை கராச் வாசலாலைதானே தினமும் போறனீர்."

குகன் குனிந்து வயரை ஒதுக்கிப் பிடித்தான். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். ரோச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

சீலன் புதிய சாமானின் புரியில் கொஞ்சம் கிறீஸ் பூசினார், முனையில் படாமல். கையால் சுற்றி ஏற்றினார். ஏற்றிக்கொண்டே என்னிடம் கதை கொடுத்தார். அண்ணை வெளிநாட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். கார் கொம்பனி என்ற சொல் நாக்கு வரை வந்துவிட்டது. மகள் பின்னால் கிடந்த மர வாங்கில் இருந்தாள். அவளும் தன் வசனத்துக்கு ஆயத்தமாவது போல நிமிர்ந்தாள்.

குகன்தான் முந்தினான். வயரை ஒதுக்கிப் பிடித்திருந்தவன், தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"அண்ணை பஸ் டிப்போவிலை. கழுவுற பகுதி."

மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரிச் சொன்னான்.

"உதுவும் பாரமான வேலை. குளிருக்கை நிண்டு" என்றார் சீலன். பிறகு, "அண்ணை, லைட்டை இஞ்சாலை பிடியுங்கோ" என்றார்.

என் கையில் வெளிச்சம் சாமானை விட்டு விலகிச் சுவரில் நின்றது. திருப்பிப் பிடித்தேன்.

6

விளக்கை அழித்தார்கள். சீலன்தான் அழித்தார், எல்லாம் பூட்டி முடிந்த பிறகு. மானிப்பாய் வரை ஒரு சுற்று ஓடித் திரும்பி வந்தோம். விளக்கு வரவில்லை. மகளைக் கராச்சுக்கு முன்னால் ஒரு கடையில் ஐஸ்கிறீம் குடிக்க விட்டிருந்தோம். வானுக்குள் நானும் தம்பியும் மட்டும்.

என் வேலை எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

குகன் சொன்னான். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் ஜேர்மனியில் நான் இருக்கும் நகரத்துக்கு வந்து போயிருக்கிறான். என்னைக் காணலாம் என்று டிப்போவுக்கும் வந்திருக்கிறான். நான் நுரைக்குள் நின்றேனாம். கூப்பிட்டால் நான் கூச்சப்படுவேன் என்று நினைத்து, கூப்பிடாமல் போய்விட்டான். ஊருக்கு வந்து சொல்லியிருக்கிறான். அது மகள் பாலர் வகுப்பில் இருந்த காலம். அப்போது அம்மாவும் இருந்தா. அம்மா கேட்டுவிட்டு, மூத்தவன் தானாகச் சொல்லும்போது சொல்லட்டும், ஒருத்தரும் கேட்கக் கூடாது என்றிருக்கிறா. ஒருவரும் கேட்கவில்லை.

"அக்காவுக்கும் தெரியுமோ?"

"எல்லாருக்கும் தெரியும் அண்ணை."

"தங்கராசாவுக்கு?"

"அவருக்குத் தெரியாமல் இஞ்சை என்ன நடக்கும்?"

குகன் எதிரே வந்த ஒரு தட்டிவான் பஸ்சுக்கு விலத்தி இடம் விட்டான்.

"பிறகேன்ரா வானைக் காட்டாமல் வைச்சிருந்தனீ? எனக்குத் தெரியாதெண்டு உனக்குத் தெரியும்தானே?"

குகன் கியரை மாற்றினான்.

"நீங்கள்தானே வேறை ஒருத்தரையும் தொட விடாதை எண்டு சொன்னனீங்கள்."

அவன் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. மூத்தவன் சொன்னான், இளையவன் கேட்டான். அவ்வளவுதான் அதில் இருந்தது. கொழும்பு ஹயர் போனதும் அதற்குள் இருந்தது. வசந்தி எனக்குச் சொல்லாமல் விட்டதும் அதற்குள் இருந்தது.

வியாழக்கிழமை திரும்பச் சோதனைக்குப் போனோம். பாஸ். வெள்ளிக்கிழமை மத்தியானம் லைசன்ஸ் கண்ணாடியில் ஒட்டியாயிற்று. பின்னேரம் குகன் காங்கேசன்துறைக்கு முதல் ஓட்டம் போனான். அவன் போக முன், வானை நான் கிணற்றடியில் வைத்துக் கழுவினேன். ஊருக்குப் போன அத்தனை தரத்திலும் என்னை ஒரு வாளி தூக்க விட்டதில்லை. வெளிநாட்டால் வந்தவர் என்று பிடுங்கி வைப்பார்கள். அன்று ஒருவரும் பிடுங்கவில்லை. வசந்தி சவர்க்காரத் தூள் கொண்டுவந்து வைத்தாள். மகள் தானாக வந்து ரயர்களைத் தேய்த்தாள். அப்பா மேலிருந்து கீழுக்குக் கழுவுங்கோ என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். அது நான் சொல்லிக் கொடுத்த வசனம் இல்லை.

அத்தான் கதிரையைக் கிணற்றடிப் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தார். நல்லாக் கழுவுறாய் என்றார். அவர் அந்தப் பயணத்தில் எனக்குச் சொன்ன ஒரே கதை அது.

7

போன ஞாயிறு குகன் தொலைபேசி எடுத்தான். விளக்கு வரவில்லை என்றான். கப்பல் ஓட்டம் நன்றாகப் போகிறது. ஆனால் துறைமுகத்து உப்புக் காற்றில் வானின் அடிப்பக்கம் வெள்ளை பூக்கிறது, கண்ணாடியில் கறை பிடிக்கிறது, எப்படிக் கழுவுவது என்று கேட்டான்.

சொன்னேன். முதலில் வெறும் தண்ணீர். அடியில் நிறைய அடிக்க வேண்டும், மண்ணும் உப்பும் போகும்வரை. சவர்க்காரம் பிறகு. வெயிலில் நிற்பாட்டிக் கழுவாதே. சூடாக இருக்கும்போது புகைக் குழாயில் தண்ணீர் அடிக்காதே. கண்ணாடிக்குக் கொஞ்சம் வினாகிரி. துணியைச் சுற்றித் தேய்க்காமல் ஒரே பக்கமாக இழு. அவன் இடையில் திருப்பிக் கேட்டான். திருப்பிச் சொன்னேன். இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

விளக்கைப் பற்றி அவன் முதல் தரம் எடுத்தபோதும் நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லியிருக்கலாம். எனக்கு இது தெரியாது தம்பி, சீலனிடம் காட்டு என்று. ஒரு வரி.

இன்று வந்த பஸ்சில் மெக்கானிக் கருவியைச் செருகினான். நான் தண்ணீரை நிற்பாட்டிவிட்டுக் கண்ணாடிச் சுவருக்குக் கிட்டப் போனேன். அவன் கீழே படுத்தான். நெடுநேரம் படுத்திருந்தான். அடுத்த பஸ் எனக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை முற்றத்தில், ஓம் அதுதான் என்று சொல்லி நான் பொத்தானை அமத்தினேன். அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வசந்தி நெஞ்சில் கை வைத்தாள். தங்கராசா பகிடி விட்டார். தேத்தண்ணி தட்டில் வந்தது.

என்னை விட்டு எண்ணினால் அன்று நின்றவர்கள் ஆறு பேர்.

தெரிந்துகொண்டு நின்றவர்கள் ஆறு பேர்.